மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை

கொல்கத்தாவின் தெற்கே லேக் மார்க்கெட் இருக்கிறது. தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழும் இடம். வாழையிலை, கறிவேப்பிலை, காப்பித்தூள் எல்லாம் அங்கே கிடைக்கும். அந்தக் காலத்தில் டைப்பும் சுருக்கெழுத்தும் படித்துவிட்டு கல்கத்தாவுக்கு வேலைக்கு வந்தவர்கள் ஏராளம்.

அங்கே ஒரு சின்ன அலுவலகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாடிப்படிக்கு அடியில் ஸ்டோர் ரூம். திறந்தால் என்ன இருக்கும்? ஒரு டைப்ரைட்டர். இரண்டு பழைய கம்ப்யூட்டர்கள். பேட்டரி. எரியாத டியூப் லைட்டுகள். வயர்ச் சுருள். கூரை வரைக்கும் காகிதக் கட்டுகள்.

"கிடந்துவிட்டுப் போகட்டுமே, சோறா கேட்கிறது?" என்பார்கள்.

லேக் மார்க்கெட்டுக்கு அருகில்தான் தாகுரியா. அங்கே 2011 டிசம்பர் 9 விடியற்காலையில் ஆம்ரி மருத்துவமனையின் அடித்தளத்தில் தீப்பிடித்தது. கார் நிறுத்த வேண்டிய அந்த இடத்தில் எளிதில் தீப்பற்றும் பொருள்கள் இருந்தன. புகை மேல்மாடிகளுக்கு ஏறியது. சுமார் 90 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் நோயாளிகள். படுக்கையிலேயே மூச்சுத் திணறி இறந்தவர்கள் பலர்.

ஆகவே அறையைக் காலி செய்யத்தான் வேண்டும். அந்த வேலை யார் தலையில் விழும்? பியூன் தலையில். கூட்டிப் பெருக்கும் அம்மா தலையில். முதலாளி வந்து தூக்கப் போவதில்லை! எனவே தூக்குகிறவர்கள் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் காகிதத்தை வெளியேற்றுங்கள். தீ வேகமாகப் பிடிப்பது அதில்தான்.

டியூப் லைட்டை உடைக்காதீர்கள். அதற்குள் பாதரசம் இருக்கிறது. அதன் ஆவி நரம்பைக் கெடுக்கும். உடைந்துவிட்டால் ஜன்னலைத் திறந்துவிட்டுச் சற்று நேரம் வெளியே நில்லுங்கள். பிறகு கெட்டி அட்டையால் சில்லுகளை அள்ளி, ஒரு டப்பாவில் போட்டு மூடுங்கள். விளக்குமாறு வேண்டாம். அது தூளைப் பரப்பிவிடும்.

பேட்டரியைச் சாய்க்காதீர்கள். உள்ளே அமிலமும் ஈயமும் உண்டு. பேட்டரிக் கடையில் கொடுத்தால் பணம் கிடைக்கும்.

பழைய, கனமான கம்ப்யூட்டர் திரையின் கண்ணாடியிலும் ஈயம் உண்டு. வயரை எடைக்குப் போட்டால் என்ன ஆகும்? செம்பை எடுப்பதற்காக யாரோ அதைக் கொளுத்துவார்கள். அந்த விஷப்புகையைப் பக்கத்துக் குடிசைக் குழந்தை சுவாசிக்கும். நாலு காசுக்காக இது நடக்கிறது.

இதைத் தடுக்க 2012 மே 1 முதல் நாடு முழுவதும் விதிகள் உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. கம்ப்யூட்டர் தயாரிக்கும் கம்பெனிகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்த மறுசுழற்சிக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கொடுக்கும்படி மேலாளரிடம் சொல்லுங்கள். சொல்ல நமக்கு உரிமை உண்டு. கொடுப்பதற்கு முன், கணக்கு வழக்குகள் பதிந்த ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிடச் சொல்லுங்கள்.

டைப்ரைட்டரா? அதைத் துடைத்து மேசைமேல் வையுங்கள். பெரும்பாலும் இரும்புதான். நாடா மாற்றினால் இன்னும் அடிக்கும்.