டிராமுக்கு வந்த கரண்ட்

எங்க குடும்பத்தில் படிப்பு என்று வெளியே வந்த முதல் ஆள் நான். எலெக்ட்ரிகல் எடுத்ததற்குக் காரணம் மும்பை தாராவியில் இருக்கும் என் தாய்மாமா.

மாமா அங்கே போன புதிதில் சொந்த மீட்டர் கிடையாது. பக்கத்து லைனிலிருந்து ஒயர் இழுத்து, ஒரு குண்டு பல்புக்கு மாசம் இவ்வளவு என்று ஒருத்தரிடம் கட்டணும். பணம் தாமதமானால் அவர் ஒயரை உருவிவிடுவார். பல வருஷம் கழித்துத்தான் மாமா பெயரில் மீட்டர் வந்தது. அந்த முதல் பில்லை லேமினேஷன் பண்ணி வைத்திருக்கிறார். மேலே 'பெஸ்ட்' என்று இருக்கும். அவர் வேலைக்குப் போகும் சிவப்பு பஸ்ஸிலும் அதே பெயர்! நமக்குக் கரண்ட் என்றால் ஈ.பி., பஸ் என்றால் வேறே. இரண்டும் ஒரே இடத்தில் எப்படி?

விஷயம் குதிரையில் ஆரம்பிக்கிறது. 1874-ல் பம்பாயில் குதிரை இழுக்கும் டிராம் ஓடியது. 1905-ல் 'பம்பாய் எலெக்ட்ரிக் சப்ளை அண்டு டிராம்வேஸ்' என்ற ஆங்கிலேயக் கம்பெனி அதை ஏற்றது. 1907-ல் மின்சார டிராம் வந்தது. டிராமுக்கு வேண்டிய கரண்டை நீராவி நிலையம் வைத்து அவர்களே தயாரித்தார்கள். அதையே வீடுகளுக்கும் விற்றார்கள். பகலெல்லாம் டிராம், பொழுது சாய்ந்தால் விளக்கு. ஜெனரேட்டர் சும்மா நிற்காது. லோட் ஃபேக்டர் என்று நாம் மார்க்குக்காக உருப்போடுகிறோமே, அது இதுதான்! 1915-ல் டாட்டாக்கள் கோப்போலியில் நீர்மின்சாரம் தொடங்கினார்கள். பிற்பாடு பெஸ்ட் சொந்த உற்பத்தியை விட்டு, வாங்கி விற்கும் வேலைக்கு மாறியது.

1947 ஆகஸ்ட் 7, அதாவது சுதந்திரத்துக்கு எட்டே நாள் முன்பு, மாநகராட்சி கம்பெனியை வாங்கியது. 'டிராம்வேஸ்' 'டிரான்ஸ்போர்ட்' ஆனது. எழுத்து மாறாததால் பெஸ்ட் பெஸ்ட்டாகவே நின்றது. கடைசி டிராம் 1964 மார்ச் 31-ல் ஓடியது. 1995-ல் 'பம்பாய்' போய் 'பிருஹன்மும்பை' வந்தது, அப்போதும் அதே பெஸ்ட்!

ஊர் வடக்கே எவ்வளவோ வளர்ந்துவிட்டது. ஆனால் பெஸ்ட் கரண்ட் இன்றும் கொலாபாவிலிருந்து மாஹிம், சயான் வரைதான். அதைத் தாண்டினால் வேறு கம்பெனி பில். பஸ் மட்டும் எல்லை பார்க்காமல் புறநகருக்கும் போகிறது.

இங்கேதான் சண்டை. கரண்டில் வந்த லாபத்தை வைத்துப் பல காலம் பஸ் நஷ்டத்தை அடைத்தார்கள். ஒரு கட்டத்தில் பஸ் நஷ்டத்துக்கென்று கரண்ட் பில்லிலேயே தனிக் கட்டணம் போட்டார்கள். 'லைட் போடுறவன் ஏன் பஸ்ஸுக்கு அழணும்?' என்று ஆட்சேபணை கிளம்பியது. கேள்வி நியாயம்தான். ஆனால் மலபார் ஹில் ஏ.சி.க்காரர் கட்டும் காசில் கொஞ்சம் என் மாமாவின் டிக்கெட்டுக்குப் போனால் எனக்கு அதில் வருத்தமில்லை. மாமாவும் ஒற்றை பல்புக்குக் கட்டினாரே என்று கேட்பீர்கள். கட்டினார்தான்.

ஒருமுறை அந்தக் குடிசைகளைக் கணக்கெடுக்க வந்தவர்கள், எப்போதிருந்து இருக்கிறாய், அத்தாட்சி என்ன என்று கேட்டார்களாம். மாமா எடுத்து நீட்டியது அந்த லேமினேஷன் பில்லைத்தான். மீட்டர் இல்லாமல் ஒயர் இழுத்திருந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் நீட்ட ஒன்றும் இல்லை.

போன லீவில் போயிருந்தேன். மாமா மீட்டர் பெட்டியைத் திறந்து, "நீதான் கரண்ட் படிக்கிறியே மாப்ளே, ரீடிங் சொல்லு" என்றார். சொன்னேன். போன மாச பில்லை எடுத்துக் கழித்துப் பார்த்துவிட்டு, "சரியாத்தான் இருக்கு" என்றார்.