கரையில் நிற்பவர்களையும் கூப்பிடுங்கள்

திருகோணமலையிலிருந்து புல்மோட்டை வீதியில் வடக்கே போனால் நிலாவெளி, குச்சவெளி, திரியாய் என ஊர்கள் கடலை ஒட்டியே வருகின்றன. நிலாவெளிக்கு எதிரே, சுமார் ஒரு கிலோமீற்றரில் புறாத் தீவு. 1963இல் சரணாலயமான இந்த இடம் 2003இல் தேசியப் பூங்காவானது. அதன் முருகைக்கற்களுக்கிடையே செட்டை நுனி கறுத்த சிறு சுறாக்கள் திரிகின்றன. மே முதல் செப்டெம்பர் வரை, கடல் அமைதியாகும் மாதங்களில், ஸ்கூபா நிலையங்கள் களைகட்டுகின்றன. ஆனால் அவற்றின் அழைப்பு பெரும்பாலும் வெளிநாட்டுப் பயணிகளுக்கானது.

கரையோரக் குடும்பங்களுக்கு சிலிண்டர் புதிதல்ல. அவர்கள் அதைத் தொழிலாக அறிவார்கள். கடலட்டைக்கும் சங்குக்கும் சிலிண்டரோடு இறங்கிய சுழியோடிகள் இலங்கைக் கரைகளில் பலர். ஒரே நாளில் திரும்பத் திரும்ப ஆழத்துக்குப் போய், அவசரமாக மேலேறியதால் கைகால் விளங்காமல் போனவர்களும் அவர்களில் உண்டு. ஆழத்தின் அழுத்தத்தில் உடலில் கரையும் நைதரசன், சட்டென்று மேலே வந்தால் குமிழிகளாகிவிடுகிறது. இதை அறிந்த தாயிடம் போய் ‘சாகசம்’ என்று விளம்பரம் செய்தால், பிள்ளையின் கையை இன்னும் இறுக்கித்தான் பிடிப்பாள்.

அவளிடம் சொல்லவேண்டியது வேறு. பாடி (PADI) எனும் சுழியோட்டப் பயிற்சி அமைப்பின் அறிமுகச் சுழியோட்டத்தில் 10 வயது நிரம்பியவர்கள் சேரலாம். பயிற்றுநர் பக்கத்திலேயே இருப்பார். 12 மீற்றருக்குக் கீழே போக அனுமதியில்லை. முதல் மூச்சு ஆழமற்ற நீரில்தான். சிலிண்டரில் இருப்பதும் பலர் நினைப்பதுபோல் தனி ஒட்சிசன் அல்ல, அழுத்தி அடைத்த சாதாரணக் காற்று. மூச்சை அடக்காதே, மெதுவாக மேலே வா என்பவை முதற்பாடங்கள். இந்த விவரங்களைத் தெளிந்த தமிழில் அச்சிட்டுக் கொடுப்பதே நல்ல விளம்பரம்.

கவரும் கதைக்கும் இங்கே பஞ்சமில்லை. போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் திருகோணமலைக் கோணேசர் ஆலயத்தை இடித்தார்கள். அதன் தூண்களையும் செதுக்கிய கற்களையும் 1950களில், அந்த ஆலயம் நின்ற சுவாமி மலையின் அடிவாரக் கடலில் கண்டவர்கள் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும். விண்வெளியைக் கனவு கண்ட கிளார்க், எடையற்று மிதக்கும் அனுபவத்தைத் தேடியே கடலுக்குள் இறங்கினார். முன்னேசுவரத்துக்கும் நல்லூருக்கும் குடும்பமாகப் போகிறவர்களுக்கு, கோயிலின் ஒரு பகுதி கடலடியில் கிடக்கிறது என்ற செய்தியைவிட வலுவான அழைப்பு வேறென்ன?

1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்த ஹேர்மிஸ் கப்பலும் பேசப்படவேண்டியதே. ஆனால் அது 50 மீற்றருக்கும் கூடுதலான ஆழத்தில் கிடக்கிறது. அதன் படத்தைக் காட்டிப் புதியவரை அழைப்பது நேர்மையல்ல.

சென்னை நீலாங்கரையில் 2021 பெப்ரவரியில் ஒரு சோடி, வேட்டியும் சேலையுமாகக் கடலடியில் திருமணம் செய்துகொண்டது. செய்தி தமிழ் உலகெங்கும் பரவியது. தங்களைப் போன்றவர்களை நீருக்குள் பார்த்ததும், ‘நாமும் போகலாமோ’ என்ற எண்ணம் பலருக்கு எழுந்திருக்கும். திருகோணமலை நிலையங்களுக்கும் அத்தகைய முகங்கள் தேவை: உள்ளூர்ப் பயிற்றுநர்கள், முக்கியமாகப் பெண்கள்.

கூட்டம் பெருகினால் முருகைக்கல் மிதிபடும் என்ற அச்சம் நியாயமானது. அதனால் புதியவர்களைப் புறாத் தீவில் இறக்காமல், மணற்பாங்கான இடங்களில் பழக்கவேண்டும். வாடைக்காற்றில் கடல் கலங்கும் மாதங்களில் படகுகள் கரையேறிக் கிடக்கும். பயிற்றுநர்களுக்கும் வேலை குறைவு. முகமூடியும் சிலிண்டரும் எடுத்துக்கொண்டு குச்சவெளி, திரியாய்ப் பள்ளிக்கூடங்களுக்கு அவர்கள் போகவேண்டிய காலம் அதுதான். பெற்றோரையும் கூப்பிட்டு, கருவிகளைத் தொட்டுப் பார்க்கவிட்டு, கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு வந்தால், மே மாதத்துக்கான முதற் பெயர்ப்பட்டியல் அங்கேயே தயாராகிவிடும்.