கூரை தெரியும், குடும்பம் தெரியாது

புது தில்லி: தலைநகர் மோதி பாகில் பழைய அரசுக் குடியிருப்புகளின் ஒரு பகுதி இடிக்கப்பட்டு, நியூ மோதி பாக் வளாகம் எழுந்தது. அருகிலுள்ள சரோஜினி நகர், நேதாஜி நகர் குடியிருப்புகளையும் இடித்துக் கட்ட மத்திய அமைச்சரவை 2016-இல் ஒப்புதல் அளித்தது. வீடுகள் மாறின, குடியிருப்போர் மாறினர். ஆயினும் ஆய்வாளர்கள் கையிலிருப்பது 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கே.

இந்த இடைவெளியை நிரப்பச் செயற்கைக்கோள் படங்கள் துணைக்கு அழைக்கப்படுகின்றன. பிரிட்டனின் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த 'வேர்ல்ட்பாப்' குழு, கணக்கெடுப்பு எண்ணிக்கையைக் கட்டடங்கள், இரவு வெளிச்சம் முதலியவற்றின் அடிப்படையில் 100 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து வரைபடமாக்குகிறது. தடுப்பூசிப் பணிக்கும் வெள்ள நிவாரணத்துக்கும் இத்தகைய வரைபடம் பெரிதும் உதவும்.

ஆனால், இடிபடக் காத்திருக்கும் காலி வீடும், மூன்று குடும்பங்கள் நெருக்கியடித்து வாழும் வீடும் வானிலிருந்து பார்த்தால் ஒன்றே. எனவே, நிவாரணத்துக்குப் போதுமான மதிப்பீடு, மக்கள் பிரதிநிதித்துவத்துக்குப் போதாது. மக்களவை இடங்களைப் பங்கிட, அரசியல் சாசனத்தின் 81-ஆவது பிரிவு மக்கள்தொகையாக ஏற்பது கணக்கெடுப்பில் வெளியான எண்ணிக்கையை மட்டுமே.

தமிழகத்துக்கு 39 இடங்கள் என்பது 1971 கணக்கெடுப்பின்படி அமைந்தது. குடும்பநலத் திட்டத்தைச் சிறப்பாக நிறைவேற்றிய மாநிலங்கள் தண்டிக்கப்படலாகாது என்பதற்காக, 2001-ஆம் ஆண்டின் 84-ஆவது திருத்தச் சட்டம் அந்தப் பங்கீட்டை 2026-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது.

கொரோனாவால் தள்ளிப்போன கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1-ஆம் தேதியை அடிப்படையாகக் குறித்து, மத்திய அரசு 2025 ஜூன் மாதம் அறிவிக்கை வெளியிட்டது. தமிழகம் அஞ்சுவது செயற்கைக்கோளின் கண்ணுக்கு அல்ல. கதவைத் தட்டி எண்ணப்படும் தலைகளைக் கொண்டு நாடாளுமன்றம் போடப்போகும் கணக்குக்கே.