டிராக்டரா, பாப்காட்டா?

பத்து, இருபது ஏக்கர் நிலம் வைத்திருப்பவர்கள் முன்பெல்லாம் ஒரே ஒரு கேள்வியைத்தான் எதிர்கொண்டார்கள்: டிராக்டர் வாங்கலாமா, வேண்டாமா? இன்று அந்தக் கேள்வி கிளைவிட்டிருக்கிறது. தென்னந்தோப்பு, மாட்டுப் பண்ணை, கோழிப் பண்ணை ஆகியவற்றை ஒரே வேலிக்குள் நடத்துவோருக்கு உழவைவிட அள்ளுவதும் சுமப்பதும்தான் அன்றாட வேலை. எரு அள்ள வேண்டும். தீவன மூட்டைகளை இறக்க வேண்டும். விழுந்த மரத்தை அகற்ற வேண்டும். மழையில் அரித்துப்போன பாதையைச் செப்பனிட வேண்டும். இவற்றுக்கெல்லாம் ஆள் கிடைப்பது அரிதாகிவிட்ட சூழலில், டிராக்டருக்குப் பதிலாகச் சிறிய சுமையேற்றி இயந்திரம் ஒன்றை வாங்கிவிடலாமா என்ற எண்ணம் பலருக்கு எழுகிறது.

'ஸ்கிட் ஸ்டீர் லோடர்' என்பது அந்த இயந்திரத்தின் முறையான பெயர். பெயர் புதிதாகத் தோன்றினாலும் இயந்திரம் புதிதன்று. சென்னைத் தெருக்களில் கட்டட இடிபாடுகளையும் குப்பையையும் அள்ளிக்கொண்டு, நின்ற இடத்திலேயே சுழன்று திரும்பும் குட்டையான வண்டியைப் பலரும் பார்த்திருப்பார்கள். அதைத்தான் 'பாப்காட்' என்கிறோம். பள்ளம் தோண்டும் இயந்திரம் எந்த நிறுவனத்தினுடையதாக இருந்தாலும் 'ஜேசிபி' என்று சொல்வதைப்போல, இதற்கும் ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயரே பொதுப் பெயராக நிலைத்துவிட்டது.

இவ்விரண்டில் எது சிறந்தது என்று கேட்பதில் பொருளில்லை. எந்த வேலைக்கு எது பிறந்தது என்று கேட்டால் விடை தெளிவாகும்.

வயலில் பிறந்ததும் கொட்டகையில் பிறந்ததும்: தொடக்ககால டிராக்டர்களுக்கு ஓர் அபாயகரமான குறை இருந்தது. பின்னால் இழுத்துவரும் கலப்பை பாறையிலோ வேரிலோ சிக்கினால், டிராக்டரின் முன்பகுதி மேலெழுந்து ஓட்டுநரின் மீதே கவிழ்ந்துவிடும். அயர்லாந்தில் பிறந்த பொறியாளர் ஹாரி பெர்குசன், கலப்பையை மூன்று புள்ளிகளில் டிராக்டரோடு பிணைக்கும் முறையை உருவாக்கி இதற்குத் தீர்வு கண்டார். கலப்பை மண்ணில் சந்திக்கும் எதிர்ப்பு, அந்த இணைப்பின் வழியாகப் பின்சக்கரங்களை மண்ணோடு அழுத்தும் விசையாக மாறியது. அதனால் எடை குறைந்த டிராக்டரும் ஆழமாக உழ முடிந்தது. 1939-இல் போர்டு நிறுவனத்துடன் சேர்ந்து அவர் சந்தைக்குக் கொண்டுவந்த டிராக்டரில் இடம்பெற்ற இந்த மும்முனை இணைப்பு, இன்று உலகின் ஏறக்குறைய எல்லா வேளாண் டிராக்டர்களிலும் உண்டு. அவருடைய பெயரைத் தாங்கிய மாஸி பெர்குசன் டிராக்டர்களைத்தான் சென்னையின் டாஃபே நிறுவனம் 1960-களின் தொடக்கம் முதல் தயாரித்துவந்தது.

பாப்காட்டின் கதை வேறு. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், ராத்சே என்ற சிற்றூரில் சிரில் கெல்லர், லூயிஸ் கெல்லர் என்ற சகோதரர்கள் பட்டறை நடத்திவந்தார்கள். வான்கோழிப் பண்ணையாளர் ஒருவர் அவர்களிடம் ஒரு சிக்கலைக் கொண்டுவந்தார். அவருடைய கொட்டகை இரண்டு தளங்களைக் கொண்டது. உள்ளே தூண்கள் நெருக்கமாக நின்றன. அவற்றுக்கிடையே புகுந்து எச்சத்தை அள்ளும் வண்டி தேவை. மேல்தளம் தாங்கும் அளவுக்கு அது எடை குறைவாகவும் இருக்க வேண்டும். 1957-இல் சகோதரர்கள் மூன்று சக்கரங்கள் கொண்ட ஒரு சிறு வண்டியைச் செய்து கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே வடக்கு டகோட்டாவின் மெல்ரோ நிறுவனம் அதன் உரிமையைப் பெற்றது. 1960-இல் நான்கு சக்கரங்களும் இயங்கும் வடிவமும், 1962-இல் பாப்காட் என்ற பெயரும் வந்தன.

இந்த இரு வரலாறுகளிலேயே நம் கேள்விக்கான விடையின் பாதி அடங்கியிருக்கிறது. திறந்த வயலில் இழுப்பதற்காக உருவானது டிராக்டர். நெருக்கடியான இடத்தில் அள்ளிச் சுமப்பதற்காக உருவானது பாப்காட்.

திரும்பும் விதத்தில் உள்ள வேறுபாடு: டிராக்டரின் முன்சக்கரங்கள் திசைமாற்றியைப் பின்பற்றித் திரும்புகின்றன. பாப்காட்டின் சக்கரங்கள் எதுவும் திரும்புவதில்லை. இடப்புறச் சக்கரங்கள் இரண்டும் ஒரு வேகத்திலும், வலப்புறச் சக்கரங்கள் இரண்டும் வேறொரு வேகத்திலும் சுழல்கின்றன. ஒருபுறம் முன்னோக்கியும் மறுபுறம் பின்னோக்கியும் சுழன்றால், வண்டி தன் நீளத்துக்குள்ளேயே முழு வட்டமடிக்கும். மாட்டுத் தொழுவத்தின் குறுகிய நடைபாதைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை.

ஆனால், அப்படித் திரும்பும்போது டயர்கள் தரையைத் தேய்த்துக்கொண்டு சறுக்குகின்றன. சிமென்ட் தளத்தில் டயர் தேயும். ஈர மண்ணில் மேல்மண் கிழிபடும். புல்தரையாக இருந்தால் ஒரே நாளில் உருக்குலையும். தரையிலிருந்து வண்டியின் அடிப்பாகம் இருக்கும் உயரமும் குறைவு. வரிசைப் பயிருக்கு மேலாகவோ வரப்புகளைக் கடந்தோ அது செல்ல இயலாது. டிராக்டரின் பெரிய பின்சக்கரங்களுக்கும் உயர்ந்த உடலுக்கும் இதுவே காரணம்: அது பயிர் நிற்கும் நிலத்துக்குள் போய்வரப் பிறந்தது.

மற்றொரு வேறுபாடு, பின்புறச் சுழல்தண்டு. விவசாயிகள் 'பிடிஓ' என்று சொல்லும் அந்தத் தண்டு நிமிடத்துக்கு 540 சுற்றுகள் என்ற வழக்கமான வேகத்தில் சுழன்று, ரோட்டாவேட்டர், தென்னை மட்டையைத் தூளாக்கும் இயந்திரம், மருந்து தெளிப்பான், கதிரடிக்கும் இயந்திரம் ஆகியவற்றை இயக்குகிறது. பாப்காட்டிலும் நீரியல் அழுத்தத்தில் இயங்கும் கருவிகளை மாட்டலாம். குழி துளைக்கும் கருவி, முள்கரண்டி, தூரிகை என்று அவையும் பலவகை. எனினும் அவை தனித்தனியே வாங்க வேண்டியவை, விலையும் அதிகம். டிராக்டருக்கான கருவிகளோ வட்டத் தலைநகர்களின் பட்டறைகளிலேயே கிடைக்கின்றன. அங்கேயே பழுதுநீக்கவும் முடிகிறது. டிரெய்லரை மாட்டிக்கொண்டு விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுபோவதும் டிராக்டரால்தான் ஆகும். பாப்காட்டை அடுத்த ஊருக்குக் கொண்டுசெல்வதற்கே இன்னொரு வண்டி வேண்டும்.

கணக்கு என்ன சொல்கிறது?: இயந்திரத்தின் விலையைப் பார்ப்பவர்கள், அது ஆண்டில் எத்தனை மணிநேரம் ஓடும் என்பதைப் பார்ப்பதில்லை. ஓர் எடுத்துக்காட்டு. டிராக்டரின் விலை 8 லட்சம் ரூபாய்; பத்தாண்டுகளுக்குப் பின் 2 லட்சத்துக்கு விற்கலாம் எனக் கொள்வோம். தேய்மானம் ஆண்டுக்கு 60 ஆயிரம். சராசரி முதலீடான 5 லட்சத்துக்கு 10 சதவீத வட்டி 50 ஆயிரம். காப்பீடு முதலியவற்றுக்கு 10 ஆயிரம். ஆக, வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆண்டுக்கு 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் செலவு. அந்த டிராக்டர் ஆண்டுக்கு 600 மணிநேரம் உழைத்தால் மணிக்கு 200 ரூபாய். 200 மணிநேரம்தான் உழைத்தால் மணிக்கு 600 ரூபாய். டீசலும் ஓட்டுநர் கூலியும் இதற்கு மேல்.

இதே முறையில், 20 லட்சம் ரூபாய் விலையுள்ள ஒரு சுமையேற்றியைப் பத்தாண்டுகளுக்குப் பின் 5 லட்சத்துக்கு விற்பதாகக் கணக்கிட்டால், தேய்மானம், வட்டி, காப்பீடு எல்லாம் சேர்ந்து ஆண்டுச் செலவு 3 லட்சம் ரூபாயைத் தொடும். நாள்தோறும் இரண்டு மணிநேரம் எரு அள்ளும் பெரிய பால் பண்ணைக்கு அது மணிக்கு சுமார் 400 ரூபாய், தாங்கக்கூடிய செலவுதான். மாதத்துக்கு இரண்டு நாள் மட்டுமே மண் அள்ளும் தோப்புக்கு அது வீண் கடன். வரியிலும் வேறுபாடு உண்டு. வேளாண் டிராக்டர்களுக்கான சரக்கு-சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. மண் அள்ளும் இயந்திரங்களுக்கு அது 18 சதவீதம்.

மண் என்னும் முதல்: கடனை அடைத்துவிடலாம். இறுகிப்போன மண்ணை மீட்பது அவ்வளவு எளிதன்று. ஈரமான நிலத்தில் கனமான சக்கரம் ஒருமுறை போனாலே மண்ணின் துளைகள் நசுங்கி, நீரும் காற்றும் வேரும் இறங்க வழியில்லாமல் போகின்றன. பல முறை ஓட்டுவதால் வரும் பாதிப்பில் பெரும்பகுதி முதல் ஓட்டத்திலேயே நிகழ்ந்துவிடுகிறது. மேல்மண்ணில் ஏற்படும் இறுக்கத்தை அடுத்த உழவு ஓரளவு சரிசெய்யும். அச்சின் எடை கூடக்கூட ஆழத்தில் ஏற்படும் இறுக்கத்தை உளிக்கலப்பைதான் உடைக்க வேண்டும். இதில் எந்த இயந்திரமும் குற்றமற்றதன்று. ஆனால், நிறைந்த சுமையோடு செல்லும் பாப்காட்டின் எடை பெரும்பாலும் முன்சக்கரங்களின் மீதே விழுவதால், கரிசல் மண்ணில் மழைக்குப் பின் அதை இறக்குவது கூடவே கூடாது. எந்த வண்டியாயினும் ஒரே தடத்தில் போய்வருவதை வழக்கமாக்கிக்கொண்டால், எஞ்சிய நிலமாவது பிழைக்கும்.

உயிரின் விலை: டிராக்டர் கவிழ்ந்து ஓட்டுநர் இறந்தார் என்ற செய்தி நம் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் அடிக்கடி வருகிறது. ஓட்டுநரைச் சுற்றி உறுதியான பாதுகாப்புச் சட்டகமும், இருக்கைப் பட்டையும் இருந்தால் இந்த மரணங்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்க்கலாம். சுவீடன் 1959-லேயே புதிய டிராக்டர்களில் இந்தச் சட்டகத்தைக் கட்டாயமாக்கியது; அதன் பிறகு அங்கே இத்தகைய மரணங்கள் பெருமளவு குறைந்தன. நம் வயல்களில் ஓடும் டிராக்டர்களில் சட்டகம் இருப்பது அரிது. இருக்கைப் பட்டை அதனினும் அரிது. மூடியில்லாத பிடிஓ தண்டில் வேட்டியோ துண்டோ சிக்கினால், கைகொண்டு இழுத்து மீள அவகாசம் இருக்காது.

பாப்காட்டில் ஓட்டுநர் கூண்டுக்குள் அமர்கிறார். அது பாதுகாப்புதான். ஆனால், உள்ளே ஏறும் வழி, தூக்கும் கைகளுக்குக் கீழே முன்புறமாக அமைந்திருக்கிறது. கைகள் உயர்ந்திருக்கும்போது இறங்குவதும் ஏறுவதும் உயிருக்கு ஆபத்து. சரிவில் ஓட்டுவதற்கும் ஒரு விதி உண்டு: எடை மிகுந்த முனை எப்போதும் மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும். காலியாக இருக்கையில் பின்புறம் கனம். ஆகவே மேட்டில் பின்னோக்கி ஏற வேண்டும். சுமையோடு இருக்கையில் முன்புறம் கனம். ஆகவே முன்னோக்கி ஏற வேண்டும். சுமையின் அளவுக்கும் வரம்பு உண்டு. வண்டி குப்புறச் சாயும் எடையில் பாதியைத்தான் அதன் பாதுகாப்பான தூக்குதிறனாகக் குறிக்கிறார்கள். இவற்றைச் சொல்லித்தராமல் ஓர் இளைஞரின் கையில் இயந்திரத்தைக் கொடுப்பது, வாங்கியவர் செய்யும் பெரிய பிழை.

எதைத் தேர்ந்தெடுப்பது?: உழவும், தெளிப்பும், மட்டை அரைப்பும், போக்குவரத்தும் முதன்மையாக இருந்தால் டிராக்டரே போதும். அதனுடன் சிறிது அள்ளும் வேலையும் இருந்தால், டிராக்டரின் முன்புறம் பொருத்தும் சுமையேற்றியைச் சேர்த்துக்கொள்ளலாம். பின்புறம் எதிர் எடை வைக்க மறக்கக் கூடாது. கூரைக்கு அடியில், சிமென்ட் தளத்தில், ஆண்டு முழுவதும் அள்ளும் வேலை இருந்தால் மட்டுமே பாப்காட் தன் விலையை ஈட்டும். கிணறு, குட்டை, வாய்க்கால் வெட்டுவது போன்ற வேலைகளுக்கு ஜேசிபியை வாடகைக்கு அழைப்பதே அறிவுடைமை. முடிவெடுக்கும் முன், ஓராண்டுக்கு எந்த வேலைக்கு எத்தனை மணிநேரம் வாடகை வண்டி வந்தது என்று ஒரு நோட்டில் குறித்துவைத்தால், விற்பனையாளரின் பேச்சைவிட அந்த நோட்டு நல்ல வழிகாட்டும்.

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் சராசரி நில உடைமை 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இருபது ஏக்கர்காரருக்கே கணக்குக் கட்டிவராத இயந்திரம், இவர்களுக்கு எட்டாக்கனி. வேளாண்மைப் பொறியியல் துறை குறைந்த வாடகையில் இயந்திரங்களை வழங்குகிறது. வாடகை மையங்கள் அமைக்க மானியமும் உண்டு. அந்த மையங்களில் உழவுக் கருவிகளோடு சுமையேற்றிகளும் போதிய அளவில் இடம்பெற வேண்டும். ஏரி வண்டலை எடுத்துக்கொள்ள அனுமதி கிடைத்தும், அள்ளுவதற்கு வழியில்லாமல் நிற்கும் சிறு விவசாயிக்கு அதுவே உண்மையான உதவி. மானியத்தில் வாங்கப்படும் ஒவ்வொரு டிராக்டரிலும் பாதுகாப்புச் சட்டகம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்க்கப்பட வேண்டும்.

ஏர் மாடு வாங்கும்போது பல்லைப் பார்த்து, சுழி பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்து, பிறகே நம் முன்னோர் முன்பணம் கொடுத்தார்கள். மாட்டைவிடப் பல மடங்கு விலையுள்ள இயந்திரத்துக்கு அந்த நிதானம் இன்னும் கூடுதலாக வேண்டும்.