நடுக்கடலில் ஒரு நாற்சந்தி

மத்தியதரைக் கடலிலுள்ள தீவுகள் அனைத்திலும் பெரியது சிசிலி. ஏறக்குறைய 25,700 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இம்முக்கோண நிலத்தை இத்தாலியிலிருந்து பிரிக்கும் மெஸ்ஸினா ஜலசந்தி, மிகக் குறுகிய இடத்தில் மூன்று கிலோமீட்டர் அகலமே உடையது. தென்மேற்கே ஆப்பிரிக்கக் கரையும் சுமார் 150 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. கடலின் கீழ்ப்பாதிக்கும் மேற்பாதிக்கும் இடையே வாயிற்படி போல் அமைந்த இந்த ஸ்தானத்தினால்தான், கப்பலோட்டத் தெரிந்த ஒவ்வொரு ஜாதியாரும் தத்தம் காலத்தில் இத்தீவை அடைய ஆசைப்பட்டனர்.

கிழக்குக் கரையில், 3,300 மீட்டருக்கு மேல் உயர்ந்து, உச்சியில் பனியும் உள்ளே அக்கினியுமாக நிற்கிறது எட்னா எரிமலை. 1669-இல் அது கக்கிய தீக்குழம்பு கட்டானியா நகரின் மதில்வரை வந்தது. 1693-இல் பூகம்பம் அந்நகரையே பாழாக்கிற்று. 1908 டிசம்பரில் மெஸ்ஸினா நகரம் நிலநடுக்கத்தாலும் அதைத் தொடர்ந்த பேரலையாலும் அழிந்து, பல பதினாயிரம் பேர் மாண்டனர். இத்தனைக்குப் பின்னும் ஜனங்கள் மலையடிவாரத்தை விட்டு அகலாததற்குக் காரணம் அந்த மண்தான். எரிமலைச் சாம்பலும் குழம்பும் மக்கிப் பொடிந்த கறுத்த நிலத்தில் ஆரஞ்சும் எலுமிச்சையும் திராட்சையும் செழிக்கின்றன. ப்ரொண்ட்டே என்ற ஊரிலோ உறைந்த குழம்புப் பாறைகளின் இடுக்கிலேயே பிஸ்தா மரங்கள் வேரூன்றி நிற்கின்றன. உட்பகுதி வேறு விதமானது. கோடையில் வறண்டு காயும் அக்குன்றுகளில் பன்னெடுங்காலமாக விளைவது கோதுமை.

அந்தக் கோதுமையே அந்நியரை அழைத்தது எனலாம். கி.மு. எட்டாம் நூற்றாண்டில் கிரேக்கர் வந்து சிராகூஸ் முதலிய நகரங்களை நிறுவினர். ஆர்க்கிமிடீஸ் பிறந்ததும், கி.மு. 212-இல் ரோமானியப் போர்வீரனால் வெட்டுண்டு இறந்ததும் அந்நகரில்தான். ஆப்பிரிக்கக் கரையிலிருந்த கார்த்தேஜுடன் நிகழ்ந்த முதற்போரின் முடிவில் ரோமாபுரி இத்தீவைத் தனது முதல் மாகாணமாக்கி, விளைச்சலில் பத்திலொரு பங்கைத் தானியமாகவே வாங்கிச் சென்றது. வெர்ரெஸ் என்ற அதிகாரி அடித்த கொள்ளைக்காக, ரோமானிய வழக்கறிஞர் சிஸரோ அவன்மீது கி.மு. 70-இல் வழக்காடிய வரலாறு பிரசித்தமானது.

ஆயினும் என் மனம் அதிகமாகத் தங்குவது பிற்காலத்தில்தான். 827-இல் வந்திறங்கிய அராபியர் நீர்ப்பாசன முறைகளையும் கரும்பையும் எலுமிச்சையையும் பரப்பினர். 1072-இல் பலெர்மோவைக் கைப்பற்றிய நார்மானியரோ தோற்றவர்களின் வித்தையை அழிக்காமல் ஆதரித்தனர். 1130-இல் முடிசூடிய இரண்டாம் ரோஜர் கட்டுவித்த அரண்மனைத் தேவாலயத்தில், சுவர்களில் பைஸாந்திய பாணிப் பொற்சித்திரங்களும், மேலே இஸ்லாமியத் தச்சுமரபின் மரவிதானமும் ஒரே கூரையின்கீழ் விளங்குகின்றன. அல் இத்ரீஸி என்ற முஸ்லிம் அறிஞர் அம்மன்னன் பொருட்டு 1154-இல் முடித்த உலகப் படத்தில், அராபிய வழக்கப்படி தென்திசை மேலே இருக்கிறது.

பலெர்மோவில் சலவைக்கல்லாலான ஒரு கல்லறைப்பலகை பாதுகாக்கப்படுகிறது. 1149-ஆம் ஆண்டைச் சேர்ந்த அது, ஒரு கிறிஸ்தவப் பாதிரியார் தம் தாய்க்காக அமைத்தது. நடுவே சிலுவை, சுற்றிலும் லத்தீன், கிரேக்கம், அரபு ஆகிய மொழிகளிலும், எபிரேய எழுத்தில் அமைந்த அரபிலுமாக நான்கு வாசகங்கள். ஒவ்வொரு வாசகமும் அந்தந்தச் சமூகத்தாரின் சகாப்தப்படியே ஆண்டைக் குறிக்கிறது. எந்த அரசாணையையும்விட இக்கல்லே அக்காலத்து வாழ்வுக்கு நம்பத்தக்க சாட்சி.

அந்த இணக்கம் நீடிக்கவில்லை. அடுத்த நூற்றாண்டில் மன்னன் இரண்டாம் ஃபிரெடரிக் முஸ்லிம்களைத் தென் இத்தாலியின் லூசேராவுக்குப் பெயர்த்தனுப்பினான். பின்வந்த அந்நிய ஆட்சிகளில் பெரும்பண்ணை முதலாளிகள் கொழுத்தனர். கந்தகச் சுரங்கங்களில் சிறுவர்கள் சுமை சுமந்தனர். வாழ வழியின்றி லட்சக்கணக்கானோர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினர். நிலம் வளமாயிருந்தும் உழுதவன் ஏழையாகவே இருந்தான் என்பதே சிசிலியின் சரித்திரத்தில் மிகக் கொடிய அநீதி என்பேன்.

1946-இல் இத்தீவு தன்னாட்சி உரிமை பெற்றது. ஒரு காலத்தில் மக்களை வெளியே அனுப்பிய நாடு இன்று பிறரை ஏற்கிறது. இலங்கையிலிருந்து புலம்பெயர்ந்த தமிழர்கள் பலர் பலெர்மோவில் குடியிருக்கின்றனர். அந்நகரின் காவல் தெய்வமாகிய புனித ரொசாலியாவின் மலைக்குகைக் கோயிலுக்கு அவர்களில் கிறிஸ்தவர்கள் மட்டுமன்றி இந்துக்களும் யாத்திரை செல்கின்றனர்.