குறுக்கே போகும் இரண்டு கம்பிகள்

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்கு ஏறும்போது கைப்பேசியில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். இணையம் இல்லையே, கணினிச் செய்முறையை எப்படி நடத்துவது என்று மலைப் பள்ளி ஆசிரியர்கள் தயங்க வேண்டியதில்லை. புளூடூத்துக்கு இணையமும் வேண்டாம், கோபுரமும் வேண்டாம். சுமார் 10 மீட்டருக்குள் இரு கருவிகள் தாமே பேசிக்கொள்ளும். மாணவர்கள் தம் கையாலேயே இதை இணைத்துப் பார்க்க எச்.சி-05 என்ற சிறு பலகை போதும்.

முதல் முயற்சியில் பெரும்பாலும் திரையில் ஒன்றும் வராது. உடனே 'பழுது' என்று எழுதி அலமாரியில் வைத்துவிடுகிறோம். இணைத்த மாணவரோ தனக்கு இது வராது என்று முடிவுகட்டிவிடுகிறார். அதற்கு முன் கீழ்க்காணும் நான்கையும் சரிபார்ப்போம்.

1. மாற்றி: கணினிக்கும் பலகைக்கும் இடையே யு.எஸ்.பி–டி.டி.எல். மாற்றி தேவை. பலகையை இணைக்கும் முன், மாற்றியின் டி.எக்ஸ்., ஆர்.எக்ஸ். முனைகளை ஒரு கம்பியால் சேர்த்து, ஆர்டினோ மென்பொருளின் சீரியல் மானிட்டரில் ஏதாவது தட்டச்சு செய்து அனுப்புங்கள். அனுப்பியதே திரும்பி வந்தால் மாற்றி நலம்.

2. கம்பிகள்: ஒருவர் வாய் பேசுவதை மற்றவர் காது கேட்க வேண்டும். ஆகவே ஒன்றின் டி.எக்ஸ். முனை மற்றதன் ஆர்.எக்ஸ். முனைக்குக் குறுக்காகச் செல்ல வேண்டும். ஜி.என்.டி. முனைகள் இரண்டையும் ஒன்றோடொன்று சேர்க்க வேண்டும். கம்பி மாற்றும்போதெல்லாம் யு.எஸ்.பி.யைக் கழற்றிவிடுங்கள்.

3. மின்னழுத்தம்: பலகையின் ஆர்.எக்ஸ். முனை 3.3 வோல்ட்டுக்கு உரியது. மாற்றி 5 வோல்ட் அனுப்பினால் 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் மின்தடைகளைத் தொடரிணைப்பில் வைத்து, 2 கிலோ ஓமின் மறுமுனையை ஜி.என்.டி.யில் சேருங்கள். இரண்டும் சந்திக்கும் இடத்தில் 5 × 2/3, அதாவது சுமார் 3.3 வோல்ட் கிடைக்கும். பத்தாம் வகுப்பு ஓம் விதிக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா? பழைய கணினியின் 9 முனை சீரியல் போர்ட்டில் மட்டும் பலகையை நேரடியாக இணைக்காதீர்கள். அங்குள்ள ஆர்.எஸ்-232 மின்னழுத்தம் பலகையைக் கெடுத்துவிடும்.

4. வேகம்: இப்பலகை பெரும்பாலும் 9600 வேகத்திலும், அமைப்புகளை மாற்றும் நிலையில் 38400 வேகத்திலும் பேசும். திரையில் புரியாத குறிகள் வந்தால் சோர வேண்டாம். தகவல் வந்து சேருகிறது, வேகம்தான் பொருந்தவில்லை என்று பொருள்.

இனி ஆண்ட்ராய்டு கைப்பேசியில் பலகையைத் தேடி, 1234 அல்லது 0000 என்ற எண்ணைக் கொடுத்து இணையுங்கள். புளூடூத் சீரியல் செயலியைத் திறந்து இணைந்ததும், வேகமாகச் சிமிட்டிய விளக்கு நிதானமாகும். மாணவர் கைப்பேசியில் அனுப்பும் பெயர் கணினித் திரையில் தோன்றும்.

ஓர் எழுத்துக் குறிக்குத் தொடக்க, முடிவு பிட்டுகளுடன் 10 பிட்டுகள் தேவை. அப்படியானால் 9600 வேகத்தில் நொடிக்கு எத்தனை குறிகள் செல்லும்? 960 என்ற விடையை மாணவர்களே கணக்கிட்டுச் சொல்லட்டும்.

அடுத்த முறை செய்முறை நின்றுபோனால், "எந்தப் படியில் நின்றது?" என்று அவர்களிடமே கேளுங்கள். பிழையைத் தானே கண்டுபிடித்த மாணவர் அந்தப் பாடத்தை மறக்கமாட்டார்.