வாசலும் வீதியும்

இலங்கையின் புகையிரத நிலையங்களுள் மிக உயரத்தில் அமைந்திருப்பது பட்டிப்பொல. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6,200 அடி உயரத்தில், குளிர்காற்றும் மூடுபனியும் சூழ்ந்த சிற்றூர் அது. ஹோட்டன் சமவெளிக்குச் செல்லும் வழிகளுள் ஒன்று இவ்வூரின் ஊடாகவே செல்கிறது. அங்குள்ள ‘உலக முடிவு’ என்னும் பெரும்பள்ளத்தை முற்பகல் ஏற ஏற மூடுபனி மறைத்துவிடும். ஆதலால் அக்காட்சியைக் காண விரும்புவோர் பொழுது புலருமுன்னரே வந்து சேர்கின்றனர். விடுமுறைக் காலங்களில், சேவல் கூவுமுன் மோட்டார் வண்டிகளின் ஒலி எங்களை எழுப்பிவிடுகிறது. வேன்கள் தேநீர்க் கடையோரத்தில் நிற்கும். அங்கே இடமில்லையெனில், யாரேனும் ஒருவர் வீட்டு வாசலில் நிற்கும்.

அந்த வாசலுக்கு முன்னுள்ள வீதி யாருக்குரியது? வீட்டுக்காரருக்கா, வந்தவருக்கா, அன்றி எல்லாருக்குமா? பெருநகரங்கள் பலவற்றில் இக்கேள்வி மன்றங்கள் வரை சென்றிருக்கிறது. அங்கெல்லாம் கண்டறிந்த வழிகளுள் ஒன்றே குடியிருப்போருக்கான வாகனத் தரிப்பு அனுமதிப்பத்திரம். நம் மலைநாட்டுச் சிற்றூர்களுக்கு அது புதிய செய்தி. ஆயினும் அதனைப் பற்றி நாம் அறிந்துகொள்வதில் பயன் உண்டு.

வண்டிகளால் நகரம் திணறுவது இன்று நேற்றுத் தோன்றிய தொல்லை அன்று. ஜூலியஸ் சீசர் காலத்து உரோமாபுரியிலேயே, பகற்பொழுதில் பெரும்பாலான வண்டிகள் நகருக்குள் வருவதற்குத் தடை இருந்தது. மோட்டார் யுகத்தில், 1935ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒக்லஹோமா நகரில், நாணயம் இட்டு வண்டி நிறுத்தும் கருவியை நாட்டினர். 1958இல் அக்கருவி இலண்டன் மாநகருக்கும் வந்தது. கடைவீதிக்கு அக்கருவி பொருந்திற்று. ஆனால் மக்கள் வாழும் வீதிக்கு அது பொருந்துமா? தன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும் ஒருவர் மணிக்கொருமுறை நாணயம் இடுவது எங்ஙனம்?

அனுமதிப்பத்திர முறை இங்கேதான் பிறக்கிறது. ஒரு பகுதியின் வீதிகளை எல்லையிட்டு, இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரை அனுமதிப்பத்திரம் உடைய வண்டிகள் மட்டுமே நிற்கலாம் எனப் பலகை நாட்டுவர். அப்பகுதியில் வாழ்பவர் தம் முகவரிக்குச் சான்று காட்டிப் பத்திரம் பெறுவர். விருந்தினருக்குத் தற்காலிகச் சீட்டு உண்டு. மற்றவர் நிறுத்தினால் அபராதம். ஒன்றை மட்டும் மறத்தலாகாது. புகையிரதத்துக்குச் சீட்டு வாங்கிய எல்லாருக்கும் ஆசனம் கிடைப்பதில்லை. அவ்வாறே இப்பத்திரமும் இடத்தைத் தருவதன்று. இடம் தேடும் உரிமையையே தருகிறது.

அமெரிக்காவில் வாஷிங்டனை அடுத்த ஆர்லிங்டன் என்னுமிடத்தில் நிகழ்ந்த வழக்கு இங்கே குறிப்பிடத்தக்கது. அருகிலுள்ள அலுவலகங்களுக்கு வந்தவர்கள் குடியிருப்பு வீதிகளில் தம் வண்டிகளை நாள் முழுதும் நிறுத்திச் சென்றனர். வேலைநாள்களின் பகல் வேளையில் வெளியார் வண்டிகளை நிறுத்தலாகாது என உள்ளூராட்சியினர் விதி செய்தனர். குடியிருப்போருக்கு இலவசமாகப் பத்திரம் வழங்கினர். அவர்களோடு தொழில் நிமித்தம் தொடர்புடையோருக்கும் விருந்தினர் சிலருக்கும் இடம் வைத்தனர். ‘பொதுவீதியில் எமக்கு மட்டும் தடையா?’ என வெளியார் வழக்காடினர். மாநில உயர்மன்றம் அவர்கள் பக்கம் நின்றது. ஆனால் 1977ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் அவ்விதி செல்லும் எனத் தீர்ப்பளித்தது. இரைச்சலும் புகையும் குப்பையும் குறைந்து மக்கள் அமைதியாக வாழ வழிசெய்வது நியாயமான நோக்கமே என்பது அத்தீர்ப்பின் சாரம்.

எனினும் குடியிருப்போர் யாவரும் இம்முறையை ஒருமுகமாக வரவேற்பதில்லை. தம்மவர் பலர் வாழும் பெங்களூரைப் பாருங்கள். 2021ஆம் ஆண்டில் கர்நாடக அரசு ஒப்புதல் அளித்த வாகனத் தரிப்புக் கொள்கையில், வீட்டருகே வீதியில் வண்டியை நிறுத்துவதற்கு ஆண்டுக் கட்டணம் விதிக்கப்பட்டிருந்தது. சிறிய காருக்கு 1,000 ரூபாய்; மிகப் பெரிய வண்டிக்கு 5,000 ரூபாய். ‘வண்டி வாங்கும்போதே வரி செலுத்திவிட்டோமே, வாசலுக்கும் வரியா?’ என்றனர் ஒரு சாரார். ‘வீட்டினுள் வண்டி நிறுத்த இடம் விட்டுக் கட்டியவருக்கும், கார் வாங்கி வீதியில் விட்டவருக்கும் வேறுபாடு வேண்டாவா?’ என்றனர் மறுசாரார். இரு கூற்றிலும் நியாயம் இல்லாமலில்லை.

ஜப்பானியரின் வழி வேறு. 1962ஆம் ஆண்டிலேயே அவர்கள் அதற்கெனச் சட்டம் இயற்றினர். பெரும்பாலான இடங்களில், தன் வீட்டுக்கு அணித்தே வண்டி நிறுத்த இடம் உண்டு எனக் காட்டாதவர் காரைப் பதிவு செய்ய இயலாது. வண்டியை வாங்கிவிட்டு இடம் தேடுவதற்கு மாறாக, இடத்தைக் கண்டபின் வண்டி வாங்கு என்கிறது அச்சட்டம்.

இனி, நம் வாசலுக்கு வருவோம். பட்டிப்பொலவை அடுத்த பாடசாலை ஒன்றின் அதிபராகப் பணியாற்றும் எனக்கு, குடியியல் பாடத்தின்போது ஒரு எண்ணம் தோன்றியது. ‘உங்கள் வாசலுக்கு முன்னுள்ள இடம் யாருக்குரியது? வீட்டாரைக் கேட்டு எழுதி வாருங்கள்’ என்றேன். கடை வைத்திருப்பவரின் மகன், ‘வண்டி நிற்காவிட்டால் வியாபாரம் இல்லை, ஆகவே வருவோர்க்கே’ என எழுதினான். மரக்கறித் தோட்டக்காரர் ஒருவர், ‘விடியற்காலையில் எங்கள் லொறி வெளியேற வழி விட்டால் போதும்’ என்று சொல்லியனுப்பினார். லயத்தில் வாழும் மாணவி ஒருத்தி எழுதியது இது: ‘எங்களிடம் வண்டி இல்லை. ஆனால் பாட்டிக்கு மூச்சுத்திணறல் வந்த விடியற்காலையில் 1990 அம்பியுலன்ஸ் வண்டியைக் கூப்பிட்டோம். வழியை மறித்து ஒரு வேன் நின்றது. அப்பாவும் சித்தப்பாவும் பாட்டியைக் கதிரையில் வைத்துச் சுமந்து கீழே கொண்டு போனார்கள்.’

அந்த ஏட்டைப் படித்தபின் நான் நெடுநேரம் வாளாவிருந்தேன். வாகனத் தரிப்பைப் பற்றிக் கூட்டம் கூட்டினால் அங்கு வருபவர் யார்? வண்டி உடையவரும் கடை உடையவருமே. வண்டியில்லாத அக்குடும்பத்துக்கும் அவ்வீதியில் பங்கு உண்டு என்பதை அக்கூட்டத்தில் எடுத்துரைப்பவர் யார்?

இதனினும் ஆழமான இடர் ஒன்று உண்டு. அனுமதிப்பத்திரம் முதலில் கேட்பது முகவரியை. லயங்களில் வாழும் குடும்பங்கள் பலவற்றுக்குத் தனி முகவரியே இல்லை. தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயருமே அவர்தம் முகவரி. கடிதங்கள் தோட்ட அலுவலகத்தின் வழியாக வந்து சேர்வதே நெடுங்கால வழக்கம். நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு, அந்நாள் கழிந்தபின் என் மாணவன் ஒருவன் கைக்குக் கிடைத்ததை நான் அறிவேன். தோட்டப் பாதைகளின் நிலையும் இத்தகையதே. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், தோட்டப் பகுதிகளில் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. 2018ஆம் ஆண்டில்தான் அது திருத்தப்பட்டது. 7 பேர்ச் காணியோடு தனிவீடு பெற்றோர் சிலர் உளர். லயத்திலேயே வாழ்வோர் இன்னும் மிகப் பலர். நான்கு தலைமுறையாய் வாழ்ந்தும் ஏட்டில் முகவரி இல்லாதவரை, ‘இங்கே குடியிருப்பவர் என்பதற்குச் சான்று எங்கே?’ என்று ஒரு விதி கேட்குமாயின், அது நியாயமான விதியாகுமா?

ஆகவே, நம் பகுதியில் இத்தகைய ஏற்பாடு ஒன்றை என்றேனும் எண்ணுவோர் மூன்று செய்திகளை மனத்திற் கொள்ளல் வேண்டும். முதலாவது, பத்திரம் வழங்குமுன் நோயாளர் வண்டி செல்லும் வழியைக் கோடிட்டு ஒதுக்குக. அதில் எவர் வண்டியும் நிற்றலாகாது. இரண்டாவது, சுற்றுலா வண்டிகளுக்குக் குடியிருப்புக்கு அப்பால் தனித் தரிப்பிடம் அமைத்து, அளவான கட்டணம் பெறுக. வருவோரைப் பகைப்பது நம் நோக்கம் அன்று. அவர்களால் வாழும் குடும்பங்களும் இங்கு உள. மூன்றாவது, குடியிருப்பவர் யார் என்பதைக் காணியுறுதியைக் கொண்டு அளவாமல், கிராம உத்தியோகத்தரின் சான்றைக் கொண்டு தீர்மானிக்க. ஒவ்வொரு வீட்டுக்கும், லயத்தின் ஒவ்வொரு அறைக்கும், ஓர் இலக்கம் கிடைக்கட்டும்.

அவ்விலக்கம் வாகனத்துக்கு மட்டும் பயன்படுவதன்று. கடிதம் உரிய நாளில் வந்து சேரும். அம்பியுலன்ஸ் சாரதிக்கு வழி சொல்ல இயலும். என் மாணவி தன் கட்டுரையின் மேற்பகுதியில், முகவரி எழுத வேண்டிய இடத்தில், தோட்டத்தின் பெயரை மட்டும் எழுதியிருந்தாள். இனிவரும் மாணவர் அதன்கீழ்த் தம் வீட்டு இலக்கத்தையும் எழுதும் நிலையை உண்டாக்குதல் நம் உள்ளூராட்சிச் சபைகளின் கடமையாகும்.